ஈசிஜி நோர்மல் என்றால், அதற்குப் பிறகு?

கொஞ்சம் நீண்ட பதிவு. பிள்ளைகள் இருக்கிற வீட்டார், என்னைப் போன்ற ஆசிரியர்கள், முக்கியமாக உயர்தரம் படிக்கிற, கம்பஸ் போகிற, வெளிநாட்டில் வேலை செய்கிற தம்பி தங்கைகள் நேரம் எடுத்து வாசியுங்கள்.

போன கிழமை பக்கத்து ஊரில் ஒரு தம்பி திடீரென மவுத்தானார். இளம் வயது. அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக. ஜனாஸா அடக்கி முடிவதற்குள்ளேயே வாட்ஸ்அப் குரூப்களில் வொய்ஸ் சுற்றத் தொடங்கிவிட்டது. ஒருவர் "எல்லாம் அந்த ஊசியால வந்த வினை" என்றார். இன்னொருவர் எனர்ஜி டிரிங்க் என்றார். மூன்றாமவர் கண்ணூறு என்றார். அந்தத் தம்பிக்கு என்ன நடந்தது என்பது அந்த மூவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. அதனால் அவரைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

அன்று இரவு பத்து மணிக்குப் பிறகு என்னிடம் படித்த மூன்று பிள்ளைகள் தனித்தனியாக மெசேஜ் போட்டார்கள். ஒருவருக்கொருவர் தெரியாது. ஆனால் மூன்றும் ஏறக்குறைய ஒரே வசனம்: "டீச்சர், எனக்கும் அடிக்கடி நெஞ்சு பட படவெண்டு அடிக்குது. சில நேரம் குத்துற மாதிரி வலி. ஈசிஜி எடுத்தேன், ஒண்டுமில்ல எண்டுட்டாங்க. நானும் மவுத்தாகிருவேனோ?"

நான் டொக்டர் இல்லை. விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆசிரியை, அவ்வளவுதான். ஆனால் இந்த விசயத்தில் நான் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறேன். ஒரு பக்கத்தில் ஒரு பிள்ளைக்கு அநியாயம் செய்தேன். மறு பக்கத்தில் நானே நோயாளியாக இருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் என் பிழை.

2018இல் எனது பதினோராம் தர வகுப்பில் ஒரு பிள்ளை. (அவளும் அவளுடைய உம்மாவும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.) தவணைப் பரீட்சை நெருங்கும்போது வந்து, "டீச்சர், நெஞ்சு துடிக்குது, கண் இருட்டுது" என்றாள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. அடுத்த மாதம் மறுபடியும். மூன்றாவது தடவை நான் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது: "படிச்சிருந்தா பயம் வராது மகள். நடிக்காம போய் இரி."

கல்வியியற் கல்லூரியில் பிள்ளை உளவியல் படித்தவள் நான். பரீட்சைப் பதற்றம் பற்றி ஒப்படை எழுதி நல்ல புள்ளியும் எடுத்தவள். அந்த அறிவுதான் என் கண்ணை மறைத்தது. பரீட்சைக் காலம், பெண் பிள்ளை, படபடப்பு. பதற்றம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

ஓ.எல். எழுத இரண்டு மாதம் இருக்கும்போது காலைக் கூட்டத்தில் விழுந்தாள். இந்த முறை துடிப்பு நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோதும் ஓடிக்கொண்டே இருந்தது. அதுதான் அவளுடைய நல்ல காலம். துடிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்த ஈசிஜியில் விசயம் பிடிபட்டது. நிமிடத்துக்கு 200க்கு மேல்.

இதயத்தில் சோணையறையிலிருந்து இதயவறைக்கு மின் சமிக்ஞை போக இயல்பாக ஒரு பாதைதான் உண்டு. இந்தப் பிள்ளைக்குப் பிறப்பிலேயே இன்னொரு பாதை இருந்தது. சில நேரம் சமிக்ஞை ஒன்றால் இறங்கி மற்றதால் ஏறி வட்டம் அடிக்கத் தொடங்கிவிடும். அப்போதுதான் அந்தக் குதிரை ஓட்டம். பிறகு கொழும்பில், அரச ஆஸ்பத்திரியில், தொடை இரத்தக் குழாய் வழியாக மெல்லிய வயர் ஒன்றை இதயம் வரை கொண்டு போய் அந்த இரண்டாவது பாதையைச் சுட்டு அடைத்தார்கள். காசு கேட்கவில்லை. இன்றைக்கு அவள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். என்னைக் கண்டால் சிரிக்கிறாள். எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்கும்போது அந்த வசனம் ஞாபகம் வருகிறது.

இனி மறு பக்கம்.

2022. அந்த வருடத்தை நாங்கள் யாரும் மறக்க ஏலாது. பெற்றோல் வரிசை, கேஸ் வரிசை, பால்மா வரிசை, மணிக்கணக்கில் கரண்ட் இல்லை. என்னுடைய அவர் கட்டாரில். இரண்டு பிள்ளைகளோடு நான் தனியே. ஒரு இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு அடிக்கிற சத்தத்தில் விழித்தேன். இடது பக்கம் வலி, கை விறைப்பு, மூச்சு முட்டு. கலிமா சொல்லிக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்தேன். இவர்களை யார் எழுப்பிப் பாடசாலைக்கு அனுப்புவார்கள் என்பதுதான் என் யோசனை.

ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஈசிஜி நோர்மல். "ஒண்டுமில்ல, போங்க." இரண்டு கிழமையில் மறுபடி. மறுபடியும் "ஒண்டுமில்ல". வீட்டில் உம்மா ஓமத்தண்ணி தந்தார், கேஸ் என்றார். மாமி தண்ணீர் ஓதி வாங்கி வந்தார். சக ஆசிரியை ஒருவர், "உங்களுக்கு யோசனை கூட" என்றார். எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் ஒவ்வொரு "ஒண்டுமில்ல"வும் எனக்குக் கேட்டது வேறு மாதிரி: நீ பொய் சொல்கிறாய்.

மூன்றாவது தடவை கண்ட இளம் டொக்டர் ஈசிஜி தாளைப் பார்க்கும் முன் என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். மாதவிடாய் பற்றிக் கேட்டார். சாப்பாடு பற்றிக் கேட்டார். நித்திரை பற்றிக் கேட்டார். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். இரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 8.4. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும்.

அவர் விளங்கப்படுத்தியது இதுதான்: ஒட்சிசனைச் சுமக்கிற ஆட்கள் குறைந்தால், இருக்கிறவர்களை வைத்து இதயம் இரண்டு ட்ரிப் கூடுதலாக ஓட வேண்டும். அதுதான் படபடப்பு. அதற்கு மேல் உங்கள் பயம். துடிப்பைக் கேட்டுப் பயப்படுகிறீர்கள், பயந்ததால் இன்னும் துடிக்கிறது. வேகமாக மூச்செடுப்பதால் கை விறைக்கிறது. கையை விறைத்ததும் ஹார்ட் அட்டாக் என்று நினைக்கிறீர்கள். "வலி உண்மை. ஆனா இதயம் பழுதில்ல. ரெண்டும் ஒரே நேரத்தில உண்மையா இருக்கலாம்."

நான் அந்த அறையில் அழுதுவிட்டேன். நோய் இல்லை என்றதற்காக அல்ல. வலி உண்மை என்று ஒருவர் சொன்னதற்காக.

இரும்புச் சத்துக் குளிசை தந்தார். சோற்றோடு சேர்த்து பிளேன்டீ குடிக்க வேண்டாம், தேயிலை இரும்பைச் சேர விடாது என்றார். பயத்துக்கு வேறொரு கிளினிக் அனுப்பினார். மூன்று நான்கு மாதத்தில் ஆளே மாறிவிட்டேன், அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது இரண்டு கதையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பயம் என்று நாங்கள் ஒதுக்கிய பிள்ளைக்கு இதயத்தில் கோளாறு. இதயம் என்று நான் நடுங்கிய எனக்கு இரத்தச் சோகையும் பயமும். முகத்தைப் பார்த்து யாரும் இதைப் பிரிக்க ஏலாது. ஆசிரியராலும் ஏலாது, உம்மாவாலும் ஏலாது, வொய்ஸ் போடுகிறவராலும் ஏலாது.

இது இந்தக் காலத்துப் பிள்ளைகளின் "வீக்னஸ்" என்று சொல்கிற பெரியவர்களுக்கு ஒரு பழைய கதை. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் ஜேக்கப் டா கொஸ்டா என்ற டொக்டர் பிலடெல்பியாவில் இளம் சிப்பாய்களைப் பார்த்தார். நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சு வாங்குதல். இதயத்தைச் சோதித்தால் பழுது தெரியவில்லை. 300க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்து 1871இல் எழுதினார். பலருக்கு அது காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் கடும் அணிவகுப்புக்கும் பிறகு தொடங்கியிருந்தது. "சிப்பாயின் இதயம்" என்ற பெயரும் வந்தது. முதலாம் உலகப் போரிலும் ஆயிரக்கணக்கான சிப்பாய்களுக்கு அதே முறைப்பாடு. பிரித்தானியாவில் தோமஸ் லூயிஸ் என்ற டொக்டர் அவர்களைப் படுக்க வைக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக உடற்பயிற்சி கொடுத்து எழுப்பப் பார்த்தார். 1941இல் போல் வூட் என்பவர் இதில் பயத்தின் பங்கு பெரிது என்று எழுதினார்.

துப்பாக்கி தூக்கிய ஆண்களுக்கே வந்தது. எங்கள் மாவட்டத்தில் சீருடை போடாமலே யுத்தம் பார்த்த ஒரு தலைமுறை இருக்கிறது. 2004 டிசம்பரில் கடல் வந்தபோது எனக்குப் பதினைந்து வயது. 2006 ஓகஸ்டில் மூதூர் மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கந்தளாய்க்கு நடந்து வந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் படகுப் பாதை கவிழ்ந்து பாடசாலைக்குப் போன பிள்ளைகள் தண்ணீரில் போனார்கள். இதையெல்லாம் பார்த்த நெஞ்சு இரவில் பட படவென்று அடித்தால் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

சரி, ஊசி.

மறைக்காமல் பேசுவோம். பைசர், மொடர்னா போன்ற ஊசிகளுக்குப் பிறகு, பெரும்பாலும் இளம் ஆண்களுக்கு, சில நாட்களுக்குள் இதயத் தசை அழற்சி வந்தது உண்மை. அது அரிது. வந்தவர்களில் பெரும்பாலானோர் குணமடைந்தார்கள். கொவிட் நோயும் அதே அழற்சியைக் கொடுக்கும். இலங்கையில் மிக அதிகமாகப் போடப்பட்டதோ சைனோபார்ம். அது வேறு வகை ஊசி.

இந்தியாவில் இதே கேள்வியை முறையாகக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். 18 முதல் 45 வயதுக்குள், நல்ல சுகத்தோடு இருந்து திடீரென இறந்தவர்களைப் பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 47 ஆஸ்பத்திரிகளில் ஆய்வு செய்தது. இறந்த 729 பேரை, அதே வயது, அதே பகுதியைச் சேர்ந்த 2,916 பேரோடு ஒப்பிட்டார்கள். தடுப்பூசி அபாயத்தைக் கூட்டியதாகத் தெரியவில்லை. கூட்டியவை வேறு: கொவிட்டுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தது, குடும்பத்தில் முன்பு திடீர் மரணம் நடந்தது, இறப்பதற்கு முந்திய இரண்டு நாளுக்குள் அளவுக்கு மீறிக் குடித்தது, போதைப்பொருள், கடும் உடற்பயிற்சி. 2025 ஜூனில் கர்நாடகாவின் ஹாசன் மாவட்டத்தில் இளைஞர் மரணங்கள் பற்றிய செய்தி வந்ததும் சனம் பயந்து இதய ஆஸ்பத்திரிகளில் குவிந்தது ஞாபகம் இருக்கும். எங்கள் குரூப்களிலும் அந்த வீடியோ சுற்றியது. பயமும் தொற்று நோய்தான்.

என் கவலை என்னவென்றால், "ஊசிதான்" என்று முடிவு கட்டியவர் சோதனைக்குப் போக மாட்டார். ஊசியை இனிக் கழற்ற ஏலாது, அல்லாஹ் விட்ட வழி என்று இருந்துவிடுவார். இரும்புக் குளிசையால் மாறக்கூடிய படபடப்பும், தைரொயிட் மாத்திரையால் மாறக்கூடிய படபடப்பும், வயர் வைத்துச் சுடக்கூடிய கோளாறும் அந்த ஒரு வார்த்தைக்குள் புதைந்துவிடும்.

ஆஸ்பத்திரிக்குப் போகப் பயப்படுவதற்கு எங்கள் சமூகத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. 2020இல் தொடங்கி 2021 பெப்ரவரி வரை கொவிட் என்று சொல்லி எங்கள் ஜனாஸாக்களை எரித்தார்கள். பிறகு ஓட்டமாவடியில் அடக்க விட்டார்கள். 2024இல் அரசாங்கம் மன்னிப்பும் கேட்டது. அந்த மாதங்களில் காய்ச்சலையும் மூச்சுத் திணறலையும் வீட்டுக்குள் மறைத்தவர்களை எனக்குத் தெரியும். அந்தக் காயம் நியாயமானது. ஆனால் அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. அது இப்போது எங்களைத்தான் கொல்லும்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொன்று. ஈசிஜி எடுக்க நெஞ்சைத் திறக்க வேண்டும் என்ற வெட்கத்தில் மாதக்கணக்கில் சொல்லாமல் இருப்பவர்கள் உண்டு. பெண் தாதி வேண்டும் என்று கேளுங்கள். திரை போடச் சொல்லுங்கள், மேலே துணி போர்த்தச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை. உம்மாமார் கூடப் போங்கள்.

இனி, அந்த மூன்று பிள்ளைகளுக்கும் நான் எழுதிய பதில். உங்களுக்கும் பயன்படலாம்.

ஒன்று. இவை இருந்தால் யோசிக்க வேண்டாம், உடனே போங்கள்: ஓடும்போதோ விளையாடும்போதோ நெஞ்சு வலி அல்லது மயக்கம். வலி கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்துக் கொட்டுவது. படபடப்போடு கண் இருட்டி விழுவது. காய்ச்சலுக்குப் பிறகு மூச்சு வாங்குவதும் நெஞ்சு வலியும். குடும்பத்தில் இளம் வயதில் யாராவது திடீரென மவுத்தாகியிருந்தால், சின்ன அறிகுறிக்கும் போங்கள். 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் 2016இல் தொடங்கி இப்போது நாடு முழுவதும் ஓடுகிறது, இலவசம். ஆட்டோ தேடி நேரத்தைப் போக்காதீர்கள்.

இரண்டு. துடிக்கும்போது மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ணி எழுதி வையுங்கள். சும்மா இருக்கும்போது 60 முதல் 100 வரை சாதாரணம். சுவிட்ச் போட்டது போலத் தொடங்கிச் சுவிட்ச் நிறுத்தியது போல நிற்கிறதா, மெல்ல ஏறி மெல்ல இறங்குகிறதா என்று கவனியுங்கள். டொக்டருக்கு இது பெரிய தடயம். துடிப்பு நின்ற பிறகு எடுக்கிற ஈசிஜி நோர்மலாகத்தான் இருக்கலாம். அதனால் துடிக்கும்போதே போகப் பாருங்கள்.

மூன்று. ஈசிஜி நோர்மல் என்றால் அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்கள். பிறகு மரியாதையாக அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: "அப்ப இது எதால வருது டொக்டர்? ஹீமோகுளோபின், தைரொயிட் பார்க்கத் தேவையா?" நெஞ்செலும்பின் ஓரத்தை அழுத்தினால் வலி கூடுமானால் அதையும் சொல்லுங்கள். விலா எலும்பு சேரும் இடத்து வீக்கமாக இருக்கலாம். அது உயிரை எடுக்காது.

நான்கு. காலைச் சாப்பாடில்லாமல் மூன்று பிளேன்டீ, இரவு ஒரு மணி வரை போன், பிறகு எனர்ஜி டிரிங்க். இதை ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். நோன்பு காலத்தில் இன்னும் கவனம். டெங்கு, வைரஸ் காய்ச்சல் வந்து எழும்பிய கிழமையே மெட்ச் விளையாடப் போக வேண்டாம். 2017இல் கிண்ணியாவில் டெங்கு என்ன செய்தது என்று உங்கள் உம்மாமாரைக் கேளுங்கள்.

ஐந்து. பயம் என்று தெரிந்தால் அதற்கும் மருந்து உண்டு, ஆள் உண்டு. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு எடுத்துத் தமிழில் கதைக்கலாம். திக்ர் செய்யுங்கள், நானும் செய்தேன், நெஞ்சு ஆறியது. கூடவே குளிசையும் குடித்தேன். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் என்று ஜும்ஆவில் கேட்டு வளர்ந்தவர்கள் தானே நாங்கள்.

ஆசிரியர்களுக்கும் அதிபர்மாருக்கும் ஒரு வார்த்தை. 2021 ஜூனில் கோபன்ஹேகன் மைதானத்தில் கிறிஸ்டியன் எரிக்சன் விழுந்தது எங்கள் பெடியன்மார் எல்லோருக்கும் தெரியும். அவருடைய இதயம் நின்றுவிட்டது. உடனே நெஞ்சை அழுத்தினார்கள், மின்னதிர்ச்சிக் கருவி வைத்தார்கள். அடுத்த வருடமே திரும்பி வந்து விளையாடினார். எங்கள் விளையாட்டுப் போட்டிகளில் அந்தக் கருவியை நான் இதுவரை கண்டதில்லை. கருவி வரும் வரை கையாவது இருக்கட்டும். நெஞ்சின் நடுவில், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்றிமீற்றராவது ஆழ அழுத்த வேண்டும். இதை அரை நாளில் பழகலாம். இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பந்தல் கட்டுகிற செலவில் ஒரு பங்கு போதாதா? பழைய மாணவர் சங்கங்கள், பள்ளிவாசல் நிர்வாகங்கள், விளையாட்டுக் கழகங்கள் இந்த வருடம் ஒரு பயிற்சி நாள் வையுங்கள். வருகிற முதல் ஆளாக நான் வருகிறேன்.

அதுவரைக்கும் செலவில்லாமல் ஒன்று செய்யலாம். ஒரு பிள்ளை வந்து "டீச்சர், நெஞ்சு வலிக்குது" என்றால், நடிக்கிறாள் என்ற வார்த்தையை விழுங்கிவிடுங்கள். உட்கார வையுங்கள். கையைப் பிடித்து எண்ணுங்கள். எழுதி வைத்து வீட்டாருக்கு எடுத்துச் சொல்லுங்கள். நான் 2018இல் செய்யாதது அவ்வளவுதான்.

மெசேஜ் போட்ட மூவரில் இருவர் இந்தக் கிழமை கிளினிக் போய் வந்துவிட்டார்கள். மூன்றாவது பிள்ளை இன்னும் நாளைக்கு, நாளைக்கு என்கிறார். தம்பி, இதை வாசித்தால் உங்களுக்கு விளங்கும். நாளைக்குக் காலையில் நான் எடுப்பேன்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் நெஞ்சுகளைப் பாதுகாப்பானாக. தேவைப்படுபவர்களுக்குப் பகிருங்கள்.